ஜீப் சீட்டும் செம்புத் தகடும்

"படிச்சாலும் கடைசியில இங்கனதான வந்து உக்காரப் போறா? எதுக்கு மூணு வருசத்தை வீணாக்குறே?"

என்னைப் பற்றிச் சொன்னது இது. சொன்னவர், என் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் முதலாளி. பாலிடெக்னிக்கில் எனக்கு இடம் கிடைத்து, என்னைச் சேர்த்துவிட அம்மா அரை நாள் லீவு கேட்டபோது சொன்னார். 'இங்கன' என்றால் அவருடைய கம்பெனியில், வெடிக் குழாய்களுக்கு மருந்து செலுத்தும் அறையில், சிமென்ட் தரையில், அம்மாவுக்குப் பக்கத்து இடம்.

அம்மா லீவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதே முதலாளி பங்குனிக் கடைசியில் விருதுநகரில் இருக்கும் என் கடைக்கு வந்தார். வந்து உட்கார்ந்தார் — என்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி..." என்று முனகியபடி.

சந்தோஷப்பட்டேனா? பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நின்றது என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வரி. நான் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவள். லோடு ஆட்டோவின் ஹாரன் முதல் டிராக்டரின் ஹெட்லைட் வரை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள். கடை போர்டில் என் பெயருக்குக் கீழே டிப்ளமோ என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி ஒருமுறை எழுதியதற்கு, "இவ்வளவு பெரிய எழுத்து தேவையா?" என்று காரியாபட்டி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தேவைதான் சார். உங்கள் வீட்டில் எத்தனை டிப்ளமோ இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒன்றுதான்.

சரி, முதலாளிக்கு வருவோம்.

"ஏம்மா, நீ ராக்கம்மா மகதான?"

"ஆமா அண்ணாச்சி. வாங்க, தண்ணி குடிக்கீகளா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒங்காத்தா மொதலாளிங்குறா. நீ அண்ணாச்சிங்குறே. படிப்பு நல்லாத்தான் வேலை செய்யுது."

"ஒக்காந்து பேசுங்க அண்ணாச்சி" என்றேன். மறுபடியும் அதே சொல்லால்.

வாசலில் அவருடைய ஜீப் நின்றது. பழைய ஃபோர் வீல் வண்டி. வயதில் எனக்கு மூத்தது. பெயின்ட் போய், பம்பர் கோணி, ஆனாலும் கம்பீரம் குறையாதது. எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகள் ஊரை விட்டுத் தள்ளி, கரிசல் காட்டுக்குள் இருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், பாதை களிமண் ஆகிவிடும். கார்கள் சக்கரம் புதைந்து நிற்கும்போது, இந்த ஜீப் மட்டும் உறுமிக்கொண்டு மேலே ஏறிப் போகும். அதனால்தான் அவர் அதை விற்கவே இல்லை. ஓட்டுவது டிரைவர் மாடசாமி அண்ணன். முதலாளி உட்காருவது இடது பக்க முன் சீட்.

"அந்த சீட்டுக்குச் சூடு வைக்கணும்" என்றார்.

நான் ரோட்டைப் பார்த்தேன். தார் இளகி, போகிற லாரியின் டயரோடு ஒட்டி எழுந்துகொண்டிருந்தது. விருதுநகரில், பங்குனி மாதத்தில், ஒரு மனிதர் சீட் ஹீட்டர் கேட்கிறார்.

"அண்ணாச்சி, ஒரு மணிக்கு வண்டியை வெயில்ல நிறுத்திட்டு ஏறி உக்காருங்க. எம்புட்டுச் சூடு வேணுமோ அம்புட்டும் கெடைக்கும்."

மாடசாமி அண்ணன் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. முதலாளி சிரிக்கவில்லை.

"டிஸ்க்கு வெலகிருச்சும்மா. டாக்டரு சூடு ஒத்தடம் குடுக்கச் சொல்றாரு. இடுப்புல, ஒரே எடத்துல, ஒரே அளவா நிக்கணுமாம். வெயிலு அங்கனயா சுடுது? வேற எடத்தையில்ல சுடுது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெளிநாட்டுல எம் மக கார்ல இந்த மாதிரி சீட்டு இருக்காம். சிவகாசியில ரெண்டு பேருட்டக் கேட்டுட்டேன். பழைய வண்டி, தாங்காதுன்னுட்டானுக."

ரெண்டு பேர் முடியாது என்றார்கள். போதாதா எனக்கு?

முதுகுவலிக்கும் அந்தஸ்து உண்டு என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். முதலாளிக்கு வந்தால் அதற்கு டிஸ்க் என்று பெயர். ஸ்கேன் உண்டு, பெல்ட் உண்டு, சூடான சீட் உண்டு. இருபது வருடம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்தே வேலை பார்க்கும் என் அம்மாவுக்கு வந்தால் அதற்குப் பெயர் அசதி. அதற்கு மருந்து, ஞாயிற்றுக்கிழமை.

ஆனாலும் வேலையை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது பெருமைக்காக. வேறு காரணம் ஏதும் சொன்னால் நம்பாதீர்கள்.

சீட் ஹீட்டர் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மெல்லிய மெத்தை விரிப்பு மாதிரி ஒரு பேடு வரும். உள்ளே கரண்ட் ஓடினால் சூடாகும் இழைகள். சீட்டின் ஃபோமுக்கு மேலே, கவருக்குக் கீழே ஒட்ட வேண்டும். கஷ்டம் அதில் இல்லை. பழைய ஜீப் உற்பத்தி செய்யும் கரண்ட் கொஞ்சம். ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது இதுவும் சேர்ந்தால் பேட்டரி படுத்துவிடும். முப்பது வருட வயரில் கொண்டுபோய்ச் சொருகினால் வயர் உருகும். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற வண்டியில் வயர் உருகினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் தனி லைன் இழுத்தேன். தனி ஃபியூஸ், தனி ரிலே. சாவியைத் திருப்பினால்தான் ஹீட்டருக்குக் கரண்ட் போகும். இன்ஜின் நின்றால் இதுவும் நிற்கும். சூடு ஓர் அளவைத் தாண்டினால் தானே அணைந்துவிடும். வண்டியின் விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றி அதற்கான கரண்டை மிச்சம் பிடித்தேன். வயர் போகும் இடமெல்லாம் உறை போட்டுக் கட்டினேன். மூன்று நாள் வேலை. சீட்டைக் கழற்றியபோது மட்டும் ஒரு நிமிடம் கை நின்றது.

சீட்டுக்கு அடியில், தரைத் தகட்டில், சாம்பல் நிறத்தில் மினுங்கும் பொடி படிந்திருந்தது.

"ரோட்டுத் தூசி தங்கச்சி" என்றார் மாடசாமி அண்ணன், நான் கேட்காமலே.

ரோட்டுத் தூசி மினுங்குமா? அது அலுமினியப் பொடி. மருந்தில் கலப்பது. அம்மாவின் நகக்கண்ணில் எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து பார்க்கிற நிறம்.

"அண்ணே, இந்த வண்டி கேட்டைத் தாண்டி உள்ள போகுதா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "போகக் கூடாதுதான். மத்தவுக வண்டியெல்லாம் வெளியதான் நிக்கும். மொதலாளிக்கு நடக்க முடியலைல்ல... ரூம் வாசல் வரைக்கும் போவோம். எறங்கி, உள்ள எட்டிப் பாத்து, சேம்பிளு எடுத்து, தூக்கிப் பாத்துட்டு வருவாக. ஒருக்க ரெண்டு மருந்துச் சாக்கும் ஏத்துனோம்."

ஈரத் துணியால் மொத்தப் பொடியையும் துடைத்து எடுத்தேன். ஃபியூஸை இன்னொருமுறை சரிபார்த்தேன். பேடு ஒட்டினேன். மேலே, முதலாளியின் மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்த கருஞ்சிவப்புப் பாலியஸ்டர் வெல்வெட் கவரை இழுத்து மாட்டினேன். சுருக்கமே இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. தடவிப் பார்த்தேன். என்ன வழவழப்பு!

என் தப்பு அங்கேதான். அதைத் தடவிய கைக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவின் வேலைச் சேலை எப்போதும் தனிக்கொடியில் காயும். எப்போதும் பருத்தி. நைலக்ஸ், பாலியஸ்டர் எல்லாம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும். கம்பெனிக்குக் கூடவே கூடாது. செயற்கை இழைத் துணி உரசினால் உடம்பில் மின்சாரம் ஏறும். நமக்கு அது கதவைத் தொடும்போது சின்னதாகச் சுள்ளென்று அடிக்கும் ஒரு வேடிக்கை. மருந்து அறையில் அந்தச் சின்னப் பொறி போதும். அதனால்தான் ஒவ்வோர் அறை வாசலிலும் பூமியோடு இணைத்த ஒரு செம்புத் தகடு இருக்கும். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் இருப்பதை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அம்மாவுக்கு இது எப்படிப் பழகிவிட்டது என்றால், டவுன் பஸ்ஸில் ஏறும்போதுகூடக் கம்பியில் ஒரு கணம் முழுக் கையை வைத்துவிட்டுத்தான் ஏறுவாள்.

இதெல்லாம் தெரிந்து வளர்ந்தவள் நான். வயரை யோசித்தேன், ஃபியூஸை யோசித்தேன், பேட்டரியை யோசித்தேன். துணியை யோசிக்கவில்லை.

முதலாளி வந்து உட்கார்ந்து, சுவிட்சைப் போட்டு, கண்ணை மூடினார். இரண்டு நிமிடம் கழித்து, "பரவால்லையே" என்றார்.

ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மிதந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் இப்போது வருகிறது, கசப்பாக.

மூன்றாவது நாள் மாடசாமி அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, மொதலாளி எறங்கிக் கதவைத் தொட்டாச் சுள்ளுன்னு அடிக்குதாம். ஏசுதாக. கரண்ட்டு லீக் ஆவுதோ?"

"வண்டியைக் கொண்டாங்கண்ணே."

முதலில் என் வேலையைத்தான் சந்தேகப்பட்டேன். மீட்டரை எடுத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன். சீட்டுக்கும் பாடிக்கும் நடுவில் பார்த்தேன். கசிவு இல்லை. பிறகு நானே அந்த சீட்டில் உட்கார்ந்து, ஹீட்டரைப் போட்டு, பைபாஸில் இருபது நிமிடம் ஓட்டச் சொன்னேன். இறங்கினேன். கைப்பிடியைத் தொட்டேன். சட்டென்று அடித்தது, காதில் கேட்கிற மாதிரி.

மாடசாமி அண்ணனின் பருத்தித் துண்டை வாங்கி வெல்வெட்டின் மேல் விரித்து, மறுபடியும் அதே ரோட்டில் அதே இருபது நிமிடம். இறங்கித் தொட்டேன். ஒன்றும் இல்லை.

துண்டை எடுத்துவிட்டு, ஹீட்டரை அணைத்து மூன்றாவது தடவை. அடித்தது, லேசாக.

வெல்வெட் மின்சாரம் ஏற்றுகிறது. ஹீட்டர் அதை உலர்த்தி உலர்த்தி இன்னும் நன்றாக ஏற்றிவிடுகிறது. அடுத்தது என்ன? அந்த வெல்வெட்டில் உட்கார்ந்து, ரப்பர் அடி வைத்த ஷூவோடு இறங்கி, முதலாளி நேராக எங்கே நடக்கிறார்? என் அம்மா உட்கார்ந்திருக்கும் அறைக்கு.

அன்றைக்கே கம்பெனிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே இருக்கும் ஆபீஸ் ரூமில் முதலாளியும் போர்மேனும் இருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். கவரை நான் மாட்டியிருக்கக் கூடாது, என் தப்பு என்பதையும் சொன்னேன். பருத்தியில் கனமான துணி எடுத்து நானே தைத்து மாட்டித் தருகிறேன். அதுவரை ஜீப் கேட்டுக்கு உள்ளே வர வேண்டாம் என்றேன்.

"அதெல்லாம் சரியாப்போச்சும்மா" என்றார் முதலாளி, உற்சாகமாக. "இப்ப அடிக்கிறதே இல்ல. மாடசாமிகிட்டச் சொல்லிட்டேன். அவன் கதவைத் தொறந்து விடுதான். நான் எதையும் தொடாமக் குதிச்சிருதேன்."

கதவைத் தொட்டு அடி வாங்கியபோதாவது உடம்பில் ஏறியது அங்கேயே இறங்கிவிட்டது. இப்போது எதையும் தொடாமல் இறங்கி, மொத்தத்தையும் உடம்பிலேயே வைத்துக்கொண்டு மருந்து அறை வாசலுக்குப் போகிறார் மனிதர். சாமர்த்தியமாக!

"அண்ணாச்சி, அது போகலை. உங்க மேலதான் இருக்கு."

"அப்ப நான் என்ன கரண்ட்டுக் கம்பியா?"

போர்மேன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கவரை மாத்துற வரைக்கும் ஒண்ணு மட்டும் செய்ங்க. ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஷூவைக் கழத்திட்டு, வாசல்ல இருக்க தகட்டைத் தொட்டுட்டுப் போங்க. எல்லாரும் தொடுற மாதிரி."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். எது அவரைத் தைத்தது என்று எனக்கு உடனே புரிந்தது. மின்சாரத்தைப் பற்றி நான் சொன்ன எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்ன அந்த மூன்று சொற்கள். எல்லாரும் தொடுற மாதிரி.

"நான் தகட்டைத் தொடணும்? எங்கம்பெனியில? எம் பொம்பளையாளுக முன்னாடி செருப்பக் கழத்திட்டு?"

"ஒரு செகண்ட்தான் அண்ணாச்சி..."

"எங்கப்பாரு இந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் வாங்கும்போது நீ பொறக்கவே இல்ல. ஒன் வயரிங்ல லீக்கு. அதை மறைக்க, எம் மக அனுப்புன துணி மேல பழியப் போடுதே. போம்மா... போயி ஒங்காத்தாட்ட மரியாதை படிச்சிட்டு வா."

கிளம்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். ஆபத்து எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பாதுகாப்பு விதி மட்டும் எங்கள் ஊரில் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. தொடுகிறவர் தொழிலாளி, தொடாதவர் முதலாளி என்று ஆகிவிட்ட பிறகு, அந்தத் தகட்டைத் தொடுவது அவருக்கு உயிரைக் காப்பாற்றிக்கொள்வதாகத் தெரியவில்லை; பதவி இறங்குவதாகத் தெரிகிறது.

இங்கே ஏதாவது நடந்தால் மறுநாள் பேப்பரில் ஒரே சொல்தான் வரும்: உராய்வு. எது எதோடு உரசியது? அதைச் சொல்லக்கூடியவர்கள் அநேகமாக உயிரோடு இருப்பதில்லை.

ஒரு வாரத்தில் ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "அந்தப் பிள்ளை வயரிங் பண்ண சீட்டு ஷாக் அடிக்குதாம்." கேட்பவருக்குத் துணியில் ஏறும் மின்சாரமும் வயரில் கசியும் மின்சாரமும் ஒன்றுதான். ஷாக் என்றால் ஷாக். செய்தது யார்? பொம்பளைப் பிள்ளை. முடிந்தது கதை. வயரிங்குக்கு விட்டிருந்த ஸ்கூல் வேனை, வேலை பாதியில் இருக்கும்போதே திருப்பி எடுத்துப் போக வந்தார் அதன் ஓனர்.

"தப்பா நெனைக்காதம்மா. பிள்ளைக ஏறுற வண்டி. கொஞ்ச நாள் போகட்டும்."

"அண்ணே, மீட்டரை வச்சு உங்க முன்னாடியே காட்டுதேன், பாருங்க."

"அதெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாதும்மா."

தெரியாது. ஆனால் ஷாக் அடிக்கும் என்பது மட்டும் எப்படியோ தெரியும்.

இது என் பெயருக்கு வந்த கேடு. தாங்கிக்கொள்ளலாம். நான் தாங்க முடியாமல் போனது அம்மாவிடம்.

நான் கம்பெனிக்குப் போய் வந்த அன்றைக்கே விஷயத்தை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். எச்சரிக்க வேண்டும் அல்லவா? அம்மா அதைத் தன் அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரிடமும் சொல்லிவிட்டாள். அதன் பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே நான்கு பேரும் கையில் இருக்கும் குழாயை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மருந்துத் தட்டை மூடித் தள்ளி வைத்துவிட்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார்களாம். முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போகும் வரை மூச்சு விடுவதே இல்லையாம்.

போர்மேன் ஒருநாள் கத்தியிருக்கிறார். "என்ன, நாலு பேரும் சாமி கும்புடுதீகளா? குழாய் எண்ணிக்கை எங்க?" பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒம் மகள வாய மூடிட்டு இருக்கச் சொல்லு ராக்கம்மா. இல்லேன்னா வேற கம்பெனி பாத்துக்கோ" என்றிருக்கிறார்.

அன்றைக்கு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மா, கைகூடக் கழுவாமல் என் முன்னால் நின்றாள்.

"ஏன்த்தா எங்கிட்டச் சொன்னே?"

"சொல்லாம எப்படிம்மா இருக்க முடியும்?"

"இத்தன வருசம் தைரியமாத்தான் இருந்தேன். நீ சொன்னதுலருந்து வண்டிச் சத்தம் கேட்டாலே கை நடுங்குது. நடுங்குற கைய வச்சுக்கிட்டு அங்கன உக்கார முடியுமா? தெரியாம இருந்திருந்தாலாவது கை நேரா இருந்திருக்கும். நீ படிச்சது எனக்கு என்ன புண்ணியம் பண்ணுச்சுன்னு சொல்லு."



படித்தால் பயம் போகும் என்று நமக்குச் சொல்லித்தருகிறார்கள். எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது. நான் படித்தேன், பயம் அம்மாவுக்கு வந்தது. அறிவைக் கொண்டுவந்து வீட்டுக்குள் போட்டேன், அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லாமல். வாயை மூடிக்கொண்டால் அம்மாவின் வேலை தங்கும்; அந்த வெல்வெட்டும் அப்படியே இருக்கும். வாயைத் திறந்தால் வேலை போகும். ஆளாவது மிஞ்சுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, பட்டாசுக் கம்பெனிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிக்கு மனு எழுதினேன். அம்மா கருவாடு சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"என்ன எழுதுறே?"

சொன்னேன்.

"எம் பேரப் போடாத."

"போடலை."

கையில் இருந்த கருவாட்டை முடித்துவிட்டு, "வாசி" என்றாள்.

வாசித்தேன். ஜீப் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த அறை வாசலில் நிற்கிறது, சீட்டுக்கு அடியில் நான் பார்த்த பொடி, சீட்டை வைத்து நான் செய்து பார்த்த மூன்று சோதனைகள், முதலாளி ஷூவைக் கழற்றாமல், தகட்டைத் தொடாமல் உள்ளே வருவது... 'ஒரு வாரத்தில் மூன்று முறை' என்று வாசித்தபோது அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"மூணு இல்ல. அஞ்சு."

நான் அடித்துத் திருத்தினேன்.

"செவ்வாக்கெழம ரெண்டு தடவ வந்தாக. அன்னைக்குத் தட்டுக்கு மேலயே குனிஞ்சாக. அதையும் எழுது. போர்மேன் சாமி கும்புடுதீகளான்னு கேட்டானே, அதையும் எழுது."

"அம்மா, அதை எழுதுனா எந்த ரூமுன்னு தெரிஞ்சிரும். உன்னையத்தான் கேப்பாக."

அம்மா ஒரு கருவாட்டை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"நேத்தே பஸ்ஸுல, எழுதிக் குடுப்பமான்னு அவளுக மூணு பேருட்டயும் கேட்டுட்டேன். சேந்துன்னா சரின்னாளுக" என்றாள், என்னைப் பார்க்காமல். "நாலு பேரையும் போடு. ஒருத்திய மட்டும் போட்டாத்தான் நிறுத்துவாக. நாலு பேரையும் நிறுத்துனா அந்த ரூமுல வேலை நிக்குமில்ல?"

இதைத் துணிச்சல் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்களுக்கு மிச்சம் விட்டிருந்த ஒரே கணக்கு அது. நாளைக்கு நான்கு பேரையும் நிறுத்திவிட்டு வேறு நான்கு பேரை உட்காரவைப்பதும் நடக்கலாம். எங்கள் பக்கம் ஆள் பஞ்சம் வந்ததில்லை. அந்த நான்கு பேருக்கும் வெல்வெட்டைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கை நேராகவே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறக்கவில்லை. சிவகாசிக்குப் பஸ் ஏறிப் போய், மனுவை அதிகாரியின் கையிலேயே கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கூடவே அந்த ஜீப்பின் வயரிங் படத்தையும் இணைத்திருக்கிறேன். யாரை வைத்து வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கட்டும். நான்கு பெயர்களும் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன.

முதல் பக்கத்தில், முதல் வரி: "அந்த வெல்வெட் கவரை மாட்டியது நான்தான்."